நாலாவது செமஸ்டரில் 11 நாள்தான் வந்திருக்கிறான்: டீடெய்ன் ஆக விடுவதா, பிரேக் எழுதிக் கொடுப்பதா?

மஞ்சநத்தி
2025 மார்ச் 19, இரவு 10:40

எல்லோருக்கும் வணக்கம். ஒரு வருஷமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தவள். இன்றைக்கு வேறு யாரிடம் கேட்பது என்று தெரியாமல் எழுதுகிறேன்.

தம்பி அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி ஒன்றில் மெக்கானிக்கல் இரண்டாம் வருஷம். 2023-இல் சேர்ந்தான், 2021 ஒழுங்குமுறை (பாடத்திட்டமும் தேர்வு விதிகளும்). இதுவரை ஒரு அரியர் கிடையாது, சிஜிபிஏ 8.7. எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி அவன்தான் ஆகப்போகிறான். நான் பன்னிரண்டோடு நிறுத்திவிட்டு தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன்.

ஜனவரி 27-ஆம் தேதி நாலாவது செமஸ்டர் ஆரம்பித்தது. பிப்ரவரி 10 வரை போனான். சாயங்காலம் ஆனால் காய்ச்சல், ராத்திரி தலையணை நனைகிற அளவுக்கு வேர்வை. ஹாஸ்டலிலிருந்து வந்தபோது பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டிருந்தான். அப்படி மெலிந்திருந்தான். அரசு ஆஸ்பத்திரியில் சளி பரிசோதனை செய்தார்கள். டிபி. பிப்ரவரி 17-இலிருந்து மாத்திரை, ஆறு மாசம் சாப்பிட வேண்டும்.

இதைக் கல்லூரியில் சொல்லவே இல்லை. அம்மா விடவில்லை. "வெளியே தெரிஞ்சா உனக்கும் மாப்பிள்ளை வர மாட்டான், அவனையும் யாரும் பக்கத்துல சேர்க்க மாட்டாங்க" என்று ஒரே அழுகை. கிளாஸ் அட்வைசர் போன் செய்தபோது பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டோம்.

இன்றைக்கு அவன் நண்பன் நோட்டீஸ் போர்டைப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறான். திங்கட்கிழமை, 24-ஆம் தேதியோடு செமஸ்டர் தேர்வுப் பதிவு முடிகிறதாம். வருகை குறைந்தவர்கள் பட்டியலில் தம்பி பெயர் இருக்கிறது. "நாளையிலிருந்து வந்தா வருகை 65 சதவீதம் வந்துடும்டா" என்று அந்தப் பையன் சொன்னதைக் கேட்டு இவன் பையை எடுத்து அடுக்க ஆரம்பித்துவிட்டான். எங்கள் வீட்டு மாடிக்குப் பதினாறு படி. எட்டாவது படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டுத்தான் மீதி ஏறுகிறான்.

இதில் என்ன செய்யலாம்? ஒரு வருஷம் எப்படியும் போகும் என்றால் வருகைக் குறைவு என்று அவர்களே நிறுத்தி வைக்கட்டும் என்று சும்மா டீடெய்ன் ஆக விட்டுவிடலாமா? அல்லது ஏதாவது எழுதிக் கொடுக்க வேண்டுமா?

வடக்குவாசல்
2025 மார்ச் 19, இரவு 11:15

சகோதரி, வித்ட்ராயல் என்று ஒன்று இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் தேர்வு எழுத வேண்டியதில்லை, அட்டெம்ப்ட்டாகவும் கணக்கில் வராது. என் பெரியப்பா மகன் போட்டான். தம்பி அடுத்த செமஸ்டருக்குப் போய்விட்டு, இதை அரியர் மாதிரி அப்புறம் எழுதிக்கொள்ளலாம்.

பழைய_கோப்பு
2025 மார்ச் 20, காலை 5:50

அம்மா, முதலில் பையனைப் பையைக் கீழே வைக்கச் சொல்லுங்கள். நான் ஒரு பொறியியல் கல்லூரி அலுவலகத்தில் 31 வருஷம் இருந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன். இந்த மாதிரிக் கோப்புகள் என் மேசை வழியாக நிறையப் போயிருக்கின்றன.

கணக்கைப் பார்ப்போம். ஒரு செமஸ்டருக்கு 75 வேலை நாள். நீங்கள் சொன்ன தேதிப்படி நேற்றோடு 38 நாள் ஆகியிருக்கும், அதில் தம்பி வந்தது 11. மிச்சம் 37. அத்தனை நாளும் ஒரு மணி நேரம் விடாமல் வந்தாலும் 11-உம் 37-உம் 48. 75-க்கு 48 என்றால் 64 சதவீதம். 65 வராது. அந்தப் பையன் நல்ல எண்ணத்தில் சொல்லியிருக்கிறான், கணக்குப் போடாமல் சொல்லிவிட்டான். நோயோடு ஓடிப்போய் 37 நாள் உட்கார்ந்த பிறகும் ஹால் டிக்கெட் வராது.

விதி இதுதான். 75 இருந்தால் தேர்வு. 65-க்கு மேல், 75-க்குக் கீழே என்றால் மருத்துவக் காரணம், விளையாட்டுப் போட்டி போன்றவற்றுக்குச் சான்றிதழ் வைத்து, முதல்வர் வழியாகத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு அனுப்பி அனுமதி வாங்கலாம். 65-க்குக் கீழே போனால் எந்தச் சான்றிதழும் செல்லாது. தேர்வும் கிடையாது, அடுத்த செமஸ்டரும் கிடையாது. அடுத்த கல்வியாண்டில் அதே செமஸ்டரைத் திரும்பப் படிக்க வேண்டும்.

வடக்குவாசல் தம்பி சொன்ன வித்ட்ராயல் இங்கே பொருந்தாது. வருகை சரியாக இருந்து தேர்வு எழுதத் தகுதி உள்ளவனுக்குத்தான் அது. தேர்வு நேரத்தில் காய்ச்சல் வந்தால் போடுவது, அதுவும் படிப்பு முடிவதற்குள் ஒரே ஒரு தடவை. வருகை இல்லாதவனுக்கு அந்தப் பேச்சே இல்லை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஒரு வருஷம் எப்படியும் போகிறது, அதில் என்ன வித்தியாசம் என்று கேட்டீர்கள். வித்தியாசம் இருக்கிறது அம்மா, கொஞ்சமில்லை. நீங்களாகக் காரணம் சொல்லி அனுமதி வாங்கி நின்றால் அதற்கு அங்கீகரிக்கப்பட்ட இடைநிறுத்தம் என்று பெயர், பிரேக் ஆஃப் ஸ்டடி என்பது அதுதான். எழுதிக் கொடுக்காமல் விட்டால் வருகைக் குறைவால் தடுக்கப்பட்டவன் என்று பதிவாகும். தடுக்கப்பட்ட காலம் இடைநிறுத்தமாகக் கருதப்படாது என்று ஒழுங்குமுறையிலேயே தனி வரி போட்டிருக்கிறார்கள்.

உங்கள் தம்பிக்கு சிஜிபிஏ 8.7 என்கிறீர்கள். 8.5-க்கு மேல், எல்லாப் பாடமும் முதல் தடவையிலேயே தேர்ச்சி, ஐந்து வருஷத்துக்குள் முடிப்பு என்றால் டிஸ்டிங்ஷன், அதாவது சிறப்புத் தகுதியோடு முதல் வகுப்பு. அனுமதி வாங்கிய ஒரு வருஷம் அந்த ஐந்துக்குள் அடங்கிவிடும், அதனால் இடைநிறுத்தம் எடுத்தவனுக்கு டிஸ்டிங்ஷன் உண்டு. எந்தச் செமஸ்டரிலாவது வருகைக் குறைவால் தடுக்கப்பட்டிருந்தால் கிடையாது. அப்புறம் 9.5 எடுத்தாலும் கிடையாது. அந்தப் பிள்ளையின் நாலு வருஷ உழைப்பு இந்த ஒரு கடிதத்தில் இருக்கிறது.

கடைசி நாள் எது தெரியுமா? அந்தச் செமஸ்டர் தேர்வுக்குப் பதிவு செய்யும் கடைசி நாள்தான். உங்களுக்கு 24. நடுவில் சனி, ஞாயிறு. திங்கட்கிழமையை நம்ப வேண்டாம், நாளை வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்துவிடுங்கள்.

மஞ்சநத்தி
2025 மார்ச் 20, காலை 7:20

ஐயா, இதைப் படித்ததும் கை நடுங்கிவிட்டது. இது எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. கடிதம் யாருக்கு எழுத வேண்டும்? காரணம் என்ன என்று எழுதுவது? "உடல்நலக் குறைவு" என்று மட்டும் எழுதினால் போதுமா? அம்மா டிபி என்ற வார்த்தையை எழுதக் கூடாது என்கிறார்.

பழைய_கோப்பு
2025 மார்ச் 20, காலை 8:05

மாணவர் நல இயக்குநர், அண்ணா பல்கலைக்கழகம், சென்னை. முதல்வர் வழியாக. தம்பி கையெழுத்து, அப்பா கையெழுத்து இரண்டும். என்ன காரணம், எந்தத் தேதியிலிருந்து வரவில்லை, எப்போது திரும்பச் சேர உத்தேசம், இந்த மூன்றும் கட்டாயம் இருக்க வேண்டும். நாலாவது செமஸ்டர் மறுபடி வருவது 2026 தொடக்கத்தில், அதனால் அதைத் திரும்பும் காலமாகக் குறிப்பிடுங்கள். ஒரு வருஷம்தான் சாதாரணமாகக் கொடுப்பார்கள்.

காரணத்தை மறைக்காதீர்கள். "உடல்நலக் குறைவு" என்ற இரண்டு சொல்லுக்கு யாரும் ஒரு வருஷம் கொடுக்க மாட்டார்கள். சிகிச்சை அட்டை நகல், மருத்துவர் சான்று வையுங்கள். இரண்டு பிரதி எடுங்கள். ஒன்று அவர்களுக்கு. இன்னொன்றில் "பெறப்பட்டது" என்று தேதியோடு முத்திரை வாங்கிக்கொண்டு வாருங்கள். அது இல்லாமல் ஜன்னலை விட்டு நகராதீர்கள். நானே அந்த ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்திருந்தவன், அதனால்தான் சொல்கிறேன்.

வெள்ளைச்சேலை
2025 மார்ச் 20, காலை 9:30

தங்கச்சி, நான் அரசு ஆஸ்பத்திரியில் செவிலியர். அம்மாவிடம் இதைப் படித்துக் காட்டு. டிபி காற்றில் பரவும் கிருமியால் வருவது. வறுமையோ பாவமோ பரம்பரையோ இல்லை. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்துச் சில வாரங்களில் பெரும்பாலானவர்களிடமிருந்து பரவுவது நின்றுவிடும். ஆறு மாசம் முடித்தால் குணம். நடுவில் நிறுத்தினால்தான் ஆபத்து, மருந்துக்குக் கட்டுப்படாத டிபியாக மாறிவிடலாம். ஹாஸ்டலுக்கு ஓடிப்போய், மற்ற பையன்களுக்குத் தெரியக் கூடாது என்று மாத்திரையை ஒளித்து வைத்து, இரண்டு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிட்ட பையன்களை நான் பார்த்திருக்கிறேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு கலங்கும்.

மாசம் 1,000 ரூபாய் சத்துணவுக்காக அவன் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். முன்பு 500, 2024 நவம்பரிலிருந்து 1,000. வருகிறதா என்று பார். வரவில்லையென்றால் மாத்திரை கொடுக்கும் இடத்திலேயே கேள். சான்றிதழும் அங்கேயே மருத்துவர் கொடுப்பார், எந்தத் தேதியில் சிகிச்சை தொடங்கியது என்று தெளிவாக எழுதி வாங்கு.

வகுப்பறை4
2025 மார்ச் 20, மதியம் 1:10

நான் ஒரு கல்லூரியில் உதவிப் பேராசிரியர், கிளாஸ் அட்வைசர். மேசையின் இந்தப் பக்கத்திலிருந்தும் ஒரு வார்த்தை.

என் பொறுப்பில் 62 பேர். வருகை 80-க்குக் கீழே இறங்கினால் வீட்டுக்குப் பேசுகிறேன். அப்பா எண் என்று கொடுத்த எண்ணில் பையனின் நண்பன் எடுத்து அப்பா குரலில் பேசியிருக்கிறான். "பாட்டிக்கு முடியலை" என்பதை இந்த செமஸ்டரில் மட்டும் நாலு வீட்டில் கேட்டுவிட்டேன். அதனால் உங்கள் தம்பியின் அட்வைசர் "தகவலின்றித் தொடர் விடுப்பு" என்று எழுதி வைத்திருக்கலாம். கோபப்படாதீர்கள், அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

நாளைக்கு முதல்வர் அறைக்கு நேராகப் போகாதீர்கள். முதலில் அட்வைசர், அப்புறம் துறைத் தலைவர். பாட்டி கதை பொய் என்று நீங்களாகவே சொல்லிவிடுங்கள், ஏன் சொன்னோம் என்றும் சொல்லுங்கள். முதல்வர் கடிதத்தைக் கையில் வாங்கியதும் செய்யும் முதல் வேலை, அட்வைசரைக் கூப்பிட்டு "இது உண்மையா" என்று கேட்பதுதான். அந்த நேரம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஈரோட்டான்_16
2025 மார்ச் 20, மாலை 6:45

அக்கா, நான் அந்த டீடெய்ன் பட்டியலில் இருந்தவன். என் கதையைச் சொல்கிறேன், உங்கள் தம்பிக்கு அது நடக்கக் கூடாது.

2016-இல் சேர்ந்தேன். 2018-இல் நாலாவது செமஸ்டர் நடக்கும்போது அப்பாவை லாரி அடித்துவிட்டது. இரண்டு மாசம் ஆஸ்பத்திரி. வீட்டில் நான் ஒரே பையன், கடையையும் பார்க்க வேண்டும். வருகை 58. எனக்கு உடம்பு சரியில்லை என்றால் சான்றிதழ் உண்டு, அப்பாவுக்கு என்றால் எதை வைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. அலுவலகத்தில் "சார், எதாவது வழி இருக்கா" என்று மூன்று தடவை கேட்டேன். "லிஸ்ட் போயிடுச்சு, அடுத்த வருஷம் வா" என்றார்கள். இடைநிறுத்தத்துக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம் என்று ஒருத்தர்கூடச் சொல்லவில்லை. ரிசல்ட் தாளில் எல்லாப் பாடத்துக்கும் நேராக வருகைக் குறைவு என்று வந்திருந்தது. ஆறு பேப்பர், இரண்டு லேப், எட்டு வரியிலும் அதேதான். அந்தத் தாளை அப்பாவிடம் காட்டவே இல்லை.

2019 தொடக்கத்தில் திரும்பப் போனால் ஜூனியர் பேட்ச்சுக்குப் பாடத்திட்டமே வேறு. நான் 2013 ஒழுங்குமுறை, அவர்கள் 2017. திரும்பச் சேரும் நாளில் எது அமலில் இருக்கிறதோ அதுதான் நமக்கும். இரண்டு பேப்பர் கூடுதலாக எழுதினேன். 2021-இல் முடித்தபோது 8.6. பட்டத்தில் முதல் வகுப்பு மட்டும்தான். டிஸ்டிங்ஷன் ஏன் இல்லை என்பதை இன்றைக்குத்தான் பழைய கோப்பு ஐயா எழுதியதைப் படித்து முழுசாகப் புரிந்துகொண்டேன். ஏழு வருஷம் கழித்து.

வகுப்பறை4
2025 மார்ச் 20, இரவு 8:20

தம்பி, படித்துவிட்டு வருத்தமாக இருந்தது. ஆனால் 75 என்ற விதியையே தப்பு என்று நினைத்துவிட வேண்டாம். லேத்தில் கை வைக்காமல், வெல்டிங் கண்ணாடி போடாமல் ஒருவன் மெக்கானிக்கல் பட்டம் வாங்கிவிட முடியும் என்றால் அந்தப் பட்டத்துக்கு என்ன மதிப்பு? வருகை விதி இல்லாவிட்டால் தேர்வுக்கு முந்தின வாரம் மட்டும் வருகிறவர்கள் பாதி வகுப்பு இருப்பார்கள்.

ஈரோட்டான்_16
2025 மார்ச் 20, இரவு 8:55

சார், விதி வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. நான் கேட்பது ஒன்றுதான். அந்த விதிப் புத்தகத்திலேயே எனக்கான வழியும் அச்சடித்து இருந்தது. டீடெய்ன் பட்டியல் ஒட்டுகிற அதே போர்டில், அதே நாளில், இடைநிறுத்தத்துக்கு இன்ன தேதிக்குள் விண்ணப்பிக்கலாம் என்று ஒரு தாள் ஒட்டியிருந்தால் என்ன குறைந்துவிடும்? முதல் வருஷம் சேரும்போது ராகிங் தடுப்பு உறுதிமொழியில் கையெழுத்து வாங்குகிறார்கள், ஹாஸ்டல் விதி, சீருடை விதி எல்லாம் படித்துக் காட்டுகிறார்கள். இதை மட்டும் ஏன் யாரும் படித்துக் காட்டுவதில்லை?

வகுப்பறை4
2025 மார்ச் 20, இரவு 9:40

நியாயமான கேள்வி. பன்னிரண்டு வருஷமாக அட்வைசராக இருக்கிறேன், நானும் அப்படி ஒரு தாள் ஒட்டியதில்லை. நாளைக்குக் காலையில் என் வகுப்பில் ஒட்டுகிறேன்.

வைகைக்கரை
2025 மார்ச் 20, இரவு 10:30

கலைக் கல்லூரிப் பிள்ளைகளின் பெற்றோர் இதைப் படித்துக் குழம்பிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். சென்னைப் பல்கலைக்கழகத்திலும் அதே மாதிரி முறை வைத்திருக்கும் வேறு பல்கலைக்கழகங்களிலும் கலை, அறிவியல் படிப்புக்கு இவ்வளவு இறுக்கம் இல்லை. 75-க்கு மேல் தேர்வு. 65-இலிருந்து 74 வரை கண்டோனேஷன் கட்டணம் (வருகைக் குறைவை மன்னிப்பதற்கான கட்டணம்) கட்டி எழுதலாம். 50-இலிருந்து 64 வரை என்றால் அந்தத் தேர்வு எழுத முடியாது, ஆனால் அடுத்த செமஸ்டருக்குப் போகலாம், விட்ட தேர்வை அப்புறம் எழுதிக்கொள்ளலாம். 50-க்குக் கீழே போனால்தான் செமஸ்டரைத் திரும்பப் படிக்க வேண்டும். சட்டக் கல்லூரிக்கு பார் கவுன்சில் விதிப்படி 70. எம்பிபிஎஸ் என்றால் முதலாம் ஆண்டுத் தேர்வுக்கு நாலு தடவைக்கு மேல் வாய்ப்பு இல்லை, மொத்தப் படிப்பையும் 9 வருஷத்துக்குள் முடிக்க வேண்டும். எந்தப் படிப்போ அந்த விதிப் புத்தகத்தைப் பாருங்கள், பக்கத்து வீட்டுப் பையன் சொன்னதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

நாலுமாவடி_அப்பா
2025 மார்ச் 21, காலை 6:15

பெரியவனாக ஒன்று சொல்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். எதற்கு இவ்வளவு அலைச்சல்? பையனுக்கு உடம்பு தேறட்டும். ஜூன் மாசம் பக்கத்திலேயே ஒரு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. சேர்த்துவிடுங்கள். வீட்டுச் சாப்பாடு, ஹாஸ்டல் செலவு மிச்சம். ஆனால் இந்தக் கல்லூரிக்காரன் சர்டிபிகேட்டைத் தர மாட்டான், மீதி வருஷ ஃபீஸையும் கட்டு என்பான். அதை நினைத்தால்தான் யோசனையாக இருக்கிறது.

பழைய_கோப்பு
2025 மார்ச் 21, காலை 6:50

ஐயா, உங்கள் அக்கறை புரிகிறது. சர்டிபிகேட் பற்றி மட்டும் பயப்பட வேண்டாம். அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டு உடனே திருப்பிக் கொடுக்க வேண்டும், பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இலேயே தெளிவாக அறிவித்திருக்கிறது. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇ-யும் அதையே சொல்கிறது. எழுத்தில் கேட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

ஆனால் விடுவதா வேண்டாமா என்பதில் நான் உங்களோடு ஒத்துப்போகவில்லை. மூன்று செமஸ்டர் முழுசாகத் தேறிய பையன். அதெல்லாம் அவன் பெயரில் அப்படியே இருக்கிறது. புதிதாகச் சேர்ந்தால் 2028-இல் பி.எஸ்சி. இடைநிறுத்தம் எடுத்துத் திரும்பினால் அதே 2028-இல் பி.இ. ஒரே வருஷம்தான் இரண்டும்.

நாலுமாவடி_அப்பா
2025 மார்ச் 21, காலை 7:10

இதை நான் யோசிக்கவில்லை. சரிதான் ஐயா. அப்படியே செய்யட்டும்.

வடக்குவாசல்
2025 மார்ச் 21, காலை 8:30

இடைநிறுத்தம் எடுத்தால், படிப்பை முடிக்கக் கொடுக்கும் ஏழு வருஷக் கணக்கில் அந்த வருஷம் சேராது, எட்டு வருஷம் கிடைக்கும் என்று கேள்விப்பட்டேன். அப்புறம் கொரோனா நேரத்தில் அரியர் எல்லாம் பாஸ் போட்ட மாதிரி அரசாங்கம் இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கும் ஏதாவது செய்யலாமே?

பழைய_கோப்பு
2025 மார்ச் 21, காலை 9:00

இரண்டுமே சரியில்லை தம்பி. முதல் செமஸ்டர் தொடங்கிய நாளிலிருந்து 14 செமஸ்டர், அதாவது 7 வருஷம்தான் மொத்தக் காலம். இடைநிறுத்தமும் அதற்குள்தான். டிப்ளமோ முடித்து நேராக இரண்டாம் வருஷத்தில் சேரும் லேட்டரல் என்ட்ரி என்றால் 12 செமஸ்டர். இந்தப் பையனுக்கு 2030 வரை இருக்கிறது, கவலை இல்லை.

2020 ஆகஸ்ட் 26-ஆம் தேதி அப்போதைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தது கட்டணம் கட்டிய அரியர் மாணவர்களுக்கு. ஏஐசிடிஇ எதிர்த்தது, வழக்கு நடந்தது, 2021 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றம் அதை ஏற்கவில்லை, தேர்வு நடத்தச் சொன்னது. அதைப் பார்த்து யாரும் திட்டம் போடக் கூடாது. இன்னொன்று, அரியர் வேறு, வருகை வேறு. அரியர் இருந்தாலும் பிள்ளைகள் அடுத்த செமஸ்டருக்குப் போய்விடுகிறார்கள். நிறுத்தி வைப்பது வருகைதான்.

மஞ்சநத்தி
2025 மார்ச் 21, இரவு 9:15

கொடுத்துவிட்டோம்.

நேற்று ராத்திரி வெள்ளைச்சேலை அக்கா எழுதியதை அம்மாவுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். முதல் தடவை எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டார். இரண்டாவது தடவை "மாத்திரைய ஒளிச்சு வச்சுத் தின்ன பையன்" என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து, "எழுதிக்கோ" என்றார். அவ்வளவுதான். கடிதத்தைத் தம்பியே அவன் கையால் எழுதினான். "நுரையீரல் காசநோய்" என்று எழுதும்போது மட்டும் பேனா நின்றது. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, "எழுதுப்பா, உனக்கு வந்ததுதானே, களவாண்டதா?" என்றார்.

அட்வைசரைத்தான் முதலில் பார்த்தோம். நான் பாட்டி கதை பொய் என்று சொன்னதும் அவர் ஒன்றும் பேசவில்லை. மேசை டிராயரைத் திறந்து தம்பியின் இன்டர்னல் விடைத்தாளை எடுத்துக் காட்டினார். மூன்றாவது செமஸ்டர் தாள், 50-க்கு 47. "இவன் ஏன் வரலைன்னு எனக்குப் புரியவே இல்லைம்மா" என்றார். அவரே எங்களோடு துறைத் தலைவரிடம் வந்தார், முதல்வரிடமும் வந்தார்.

அலுவலக ஜன்னலில்தான் தாமதம். "இதுக்கெல்லாம் சீல் போடுறதில்லை, வச்சிட்டுப் போங்க" என்றார் அங்கிருந்தவர். ஐயா சொன்னது ஞாபகம் வந்து அங்கேயே நின்றேன். அப்பா வேலைக்கு அரை நாள்தான் லீவு சொல்லியிருந்தார், கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முக்கால் மணி நேரம் கழித்து உள்ளே கேட்டுவிட்டு வந்து சீல் போட்டார். நீல மை, தேதி 21.03.2025. பிரதியை வீட்டில் சாமி படத்துக்குப் பின்னால் அம்மா வைத்துவிட்டார்.

வெள்ளைச்சேலை
2025 மார்ச் 21, இரவு 9:50

அம்மாவுக்கு என் அன்பைச் சொல்லு. மாத்திரை ஒரு நாள்கூட விட வேண்டாம்.

மஞ்சநத்தி
2025 ஜூன் 12, இரவு 8:30

அனுமதிக் கடிதம் கல்லூரிக்கு வந்துவிட்டது, இன்று நகல் வாங்கினோம். தம்பி நன்றாக இருக்கிறான், ஆறு கிலோ ஏறியிருக்கிறான். ஒரு கேள்வி மட்டும். அவனுக்கு வங்கியில் கல்விக்கடன் இருக்கிறது. படிப்பு முடிந்து ஒரு வருஷம் கழித்துத் தவணை என்று இருக்கிறது. இப்போது படிப்பு 2028-க்குப் போய்விட்டதே, 2028-இலேயே கட்டச் சொல்வார்களா?

பழைய_கோப்பு
2025 ஜூன் 12, இரவு 9:10

வங்கிக்கும் இப்போதே எழுதுங்கள். குறித்த காலத்தில் படிப்பை முடிக்க முடியாமல் போனால் அதிகபட்சம் இரண்டு வருஷம் வரை நீட்டிக்கலாம் என்று இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தில் இருக்கிறது. அனுமதிக் கடித நகலை வைத்து, புதிய முடிவுத் தேதி 2028 என்று எழுதி, அங்கேயும் சீல் வாங்குங்கள். தவணை தொடங்குகிற மாசம் போய்ச் சொன்னால் கணக்கு ஏற்கெனவே நிலுவையாகியிருக்கும்.

இன்னொன்று. திரும்பச் சேர்வதற்குத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் ஆணையும் வேண்டும். கல்லூரி வழியாகத்தான் கிண்டிக்குப் போகும். ஜனவரியில் செமஸ்டர் தொடங்கிய பிறகு ஆரம்பித்தால் ஆணை வருவதற்குள் வருகை மறுபடி அடிவாங்கும். அக்டோபர், நவம்பரிலேயே அலுவலகத்தில் ஞாபகப்படுத்துங்கள். அதுவரை மூன்றாம் செமஸ்டர் வரையிலான மதிப்பெண் தாள்கள், அனுமதிக் கடிதம், குணமானதற்கான சான்று மூன்றையும் ஒரே உறையில் வையுங்கள்.

ஈரோட்டான்_16
2025 ஜூன் 12, இரவு 10:00

அக்கா, பாடத்திட்டமும் கேட்டுக்கொள்ளுங்கள். 2024-இல் சேர்ந்த பேட்ச்சோடு போகிறான் என்றால் அவர்களுக்கும் 2021 ஒழுங்குமுறைதான், அதனால் எனக்கு வந்த தொல்லை அவனுக்கு இருக்காது. அப்புறம், சும்மா இருக்கும் மாசங்களில் ஜூனியர் ஒருத்தன் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நான் திரும்பப் போனபோது ஒரு மாசம் கடைசி பெஞ்சில் யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். அந்த மாசம்தான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது, பேப்பர் எல்லாம் அப்புறம்தான்.

மஞ்சநத்தி
2026 ஜனவரி 23, இரவு 9:40

திங்கட்கிழமை தம்பி கல்லூரிக்குப் போனான். நவம்பரிலேயே விண்ணப்பம் போனதால் ஆணை பொங்கலுக்கு முன்பே வந்துவிட்டது. பதிவெண் பழையதேதான். புது வகுப்பின் வருகைப் பதிவேட்டில் எல்லாப் பெயரும் டைப் செய்திருக்க, இவன் பெயரை மட்டும் கடைசியில் கையால் எழுதியிருந்தார்களாம். அட்வைசர் அதே சார்தான். முதல் மணி நேரம் பெயர் கூப்பிட்டு முடித்ததும் இவன் பக்கத்தில் வந்து, "மாத்திரை எல்லாம் முடிஞ்சிடுச்சா?" என்று மெதுவாகக் கேட்டாராம். முடிந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறான்.

ஈரோட்டான் தம்பி சொன்னபடி ஒரு ஜூனியர் பையனிடம் ஆகஸ்டிலிருந்தே பேசிக்கொண்டிருந்தான். ஹாஸ்டலில் இப்போது அவன் அறையில்தான் இருக்கிறான்.

இந்த வாரம் ஐந்து நாளும் போயிருக்கிறான். பெல்ட்டில் பழைய ஓட்டைக்கே வந்துவிட்டான்.

வகுப்பறை4
2026 ஜனவரி 24, காலை 7:05

ரொம்ப சந்தோஷம் சகோதரி. அந்தத் தாளை எங்கள் துறையில் எல்லா வகுப்பிலும் ஒட்டிவிட்டோம். இந்த செமஸ்டர் ஒரு பெண் அதைப் பார்த்துவிட்டு, கையில் ஸ்கேன் ரிப்போர்ட்டோடு நேற்று என்னிடம் வந்தாள். கடைசி நாளுக்கு இன்னும் நிறைய நாள் இருக்கிறது.